குருதியில் கிருமி இல்லை, காய்ச்சல் இருக்கிறது: படுவான்கரை விவசாயி ஒருவரின் மெலியொய்டோசிஸ் நோய் பற்றிய ஆய்வு

மெலியொய்டோசிஸ் என்பது மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் நோய். குருதியைப் போத்தலில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் குருதி வளர்ப்பில் கிருமி அடையாளம் காணப்பட்டு, அதைக் கொல்லும் என்று ஆய்வுகூடத் தட்டில் தெளிவாகக் காட்டிய மருந்து முழு அளவில் நாளவழியாக ஏற்றப்பட்ட பின்னரும், இங்கு விவரிக்கப்படும் நோயாளிக்கு ஒன்பது நாட்களுக்கு மேலாகக் காய்ச்சல் அடித்தது. ஏழாம் நாளில் எடுத்த குருதியில் எதுவும் வளரவில்லை. அப்படியாயின் கிருமி எங்கே இருந்தது, காய்ச்சலை எது நடத்திக்கொண்டிருந்தது என்ற கேள்வியே இந்நிகழ்வை எழுதத் தூண்டியது. விடை மருந்தில் இல்லை. பற்றீரியா தன் உடலில் கட்டி எழுப்பும் இரண்டு புரத இயந்திரங்களில் இருக்கிறது. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி

54 வயதான நெற்செய்கையாளர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமமொன்றில் வசிப்பவர். நம் பக்கத்தில் சீனி வருத்தம் என்று சொல்லப்படும் நீரிழிவு அவருக்குப் பதினொரு ஆண்டுகளாக உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளை ஒழுங்காக எடுப்பவர்தான், ஆனால் விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வயல் வாடியிலேயே தங்கிவிடுவதால் அந்த வாரங்களில் மாத்திரை தவறிவிடும். ஒக்டோபர் இறுதியில் பெரும்போக விதைப்பை முடித்திருந்தார். நவம்பர் நடுப்பகுதியில் மழை கொட்டி வரம்புகள் உடைந்தபோது, மூன்று நாட்கள் முழங்கால் அளவு சேற்றில் வெறுங்காலுடன் நின்று வரம்பையும் வக்கடையையும் கட்டினார். இரு குதிகால்களிலும் ஆழமான வெடிப்புகள் இருந்தன.

எட்டு நாட்களின் பின் நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கியது. முதலில் சென்ற வைத்தியசாலையில் எலிக்காய்ச்சல் என்று கருதிப் பெனிசிலின் கொடுத்தார்கள். இதைத் தவறு என்று சொல்லமாட்டேன்; அதே மாரியில், அதே சேற்றில், அதே வெடித்த குதிகாலுக்குள் எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையும், தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆனால் இங்கிருந்த கிருமிக்குப் பெனிசிலின் ஒரு பொருட்டே அல்ல. ஐந்தாம் நாளில் இருமலும் மூச்சுவாங்கலும் சேர்ந்துகொள்ள, பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்.

வந்தபோது வெப்பநிலை 39.4 பாகை செல்சியசு. குருதிச் சீனி 340 மில்லிகிராம். வெண்குழிய எண்ணிக்கை உயர்ந்திருந்தது. நெஞ்சுக் கதிர்ப்படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் விழுந்திருந்ததால் காசநோயும் கருத்தில் கொள்ளப்பட்டது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. வயிற்று ஸ்கானில் மண்ணீரலில் பல சிறிய சீழ்க்கட்டிகளும், ஈரலில் இரண்டும் தெரிந்தன. செப்ட்ரியக்சோன் தொடங்கப்பட்டது. காய்ச்சலின் போக்கை எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாக அவருடைய மனைவி சொன்னார்: "பகல்ல வேர்த்துப்போட்டு விட்டுரும் டொக்டர், மறுகா ராவைக்கு நடுக்கிக்கொண்டு வரும்."

போத்தலில் வளர்ந்தது

குருதி வளர்ப்புப் போத்தல் இரண்டாம் நாளில் வளர்ச்சியைக் காட்டியது. கிராம் சாயமேற்றலில் எதிர்வகைக் கோலுருக்கள், அதாவது கோல் வடிவப் பற்றீரியாக்கள். இரு முனைகளும் கருமையாகவும் நடுப்பகுதி வெளிறியும் தெரிந்தன. ஒக்சிடேசு சோதனை நேர். ஆய்வுகூடத்திலிருந்த நாங்கள் அனுப்பிய முதல் அறிக்கையில் "சூடோமோனாசு இனம், வெளி மாசாக இருக்கலாம்" என்று எழுதினோம். இது எங்கள் பிழை. பிழைக்கு ஒரு வரலாறும் உண்டு: 1992 வரை இக்கிருமி சூடோமோனாசு சாதிக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது, அவ்வாண்டுதான் பேர்க்கோல்டீரியா என்ற புதிய சாதிக்கு மாற்றப்பட்டு, பேர்க்கோல்டீரியா சூடோமல்லேய் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. மேலோட்டமான சோதனைகளுக்கு இன்னும் பழைய உறவினரின் சாயலையே காட்டும்.

விடுதி வைத்தியர் அறிக்கையை ஏற்கவில்லை. "சேத்துக்க நிண்ட ஆள், சீனி இருக்கு, மண்ணீரல்ல கட்டி இருக்கு, இத மாசு எண்டு எப்பிடி விடுறது?" என்று தொலைபேசியில் கேட்டார். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் உணர்திறன் தட்டை அன்றே பார்த்தோம். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, கோ-அமொக்சிகிளாவுக்கு உணர்திறன்: ஒக்சிடேசு நேரான ஒரு கோலுருவில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு எதையும் நினைப்பதற்கு முன் மெலியொய்டோசிசை நினைக்கவேண்டும். ஜென்டமைசினும் ஊதாச் சாயமும் கலந்த ஆஷ்டவுன் ஊடகத்தில் வளர்த்தபோது சில நாட்களில் சுருக்கம் விழுந்த, வற்றிய பூவைப் போன்ற கூட்டங்கள் எழுந்தன. உயர்நிலை ஆய்வுகூடமும் பின்னர் உறுதிசெய்தது. மண் மணம் வீசும் கிருமி என்று சொல்லிப் பழைய ஆட்கள் தட்டை மூக்கருகே கொண்டுபோவதுண்டு; மூச்சுவழியாகவும் தொற்றக்கூடிய கிருமி இது என்பதால், அந்தப் பழக்கத்தை இனிமேல் எவரும் தொடரக்கூடாது.

நோய் புதியதல்ல. 1911இல் இரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை முதன்முதலாக விவரித்தார்கள். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியுள்ளார். ஆயினும் அண்மைய ஆண்டுகளில் முறையாகத் தேடத் தொடங்கிய பின்னரே நாட்டின் பல மாவட்டங்களிலும் இது இருப்பது தெரியவந்தது.

செப்ட்ரியக்சோன் நிறுத்தப்பட்டு, செப்டாசிடிம் தொடங்கப்பட்டது. தாய்லாந்தில் நடந்து 1989இல் வெளிவந்த ஆய்வு, கடுமையான மெலியொய்டோசிசில் இம்மருந்து இறப்பைப் பாதியாகக் குறைத்ததைக் காட்டியது. இன்றும் அதுவே முதல் தெரிவுகளில் ஒன்று. இன்சுலினால் சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்தது, மூச்சுவாங்கல் குறைந்தது, ஏழாம் நாள் குருதி வளர்ப்பு வெறுமையாயிற்று. காய்ச்சல் மட்டும் ஒவ்வோர் இரவும் 39ஐத் தொட்டது.

முதல் இயந்திரம்

பெரும்பாலான நோய்க்கிருமிகள் உடற்கலங்களுக்கு வெளியே, குருதியிலும் இழையப் பாய்பொருளிலும் பெருகுகின்றன. அங்கே மருந்து அவற்றை எளிதில் சந்திக்கும். பேர்க்கோல்டீரியா சூடோமல்லேய் கலத்துக்குள் புகுந்து வாழத் தெரிந்தது. தன்னை விழுங்கிக் கொல்ல வரும் தின்குழியத்துக்குள்ளேயே அது குடியிருக்கும். அதற்கு அவசியமானது மூன்றாம் வகைச் சுரப்புத் தொகுதி எனப்படும் ஊசி.

இந்த ஊசியின் உருவத்தை 1998இல் குபோரி, கலான் ஆகியோரின் குழு சல்மொனெல்லாவிலிருந்து பிரித்தெடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காட்டியது. இதன் கட்டமைப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி சல்மொனெல்லா, சிகெல்லா, யெர்சினியா ஆகியவற்றிலிருந்தே வந்தது. நமது கிருமியில் இத்தகைய தொகுதிகள் மூன்று உள்ளன. அவற்றுள் இரண்டு தாவரங்களைத் தாக்கும் பற்றீரியாக்களின் தொகுதிகளை ஒத்தவை, மண்ணில் வாழும் உயிரிக்கு அது பொருந்தும். மூன்றாவதே மனிதக் கலத்தில் வேலை செய்வது. பிஎஸ்ஏ எனப் பெயரிடப்பட்ட இது சல்மொனெல்லா, சிகெல்லாத் தொகுதிகளுக்கு நெருங்கிய உறவு என்பதை ஸ்டீவன்சும் உடனாய்வாளர்களும் 2002இல் காட்டினர்.

கிராம் எதிர்ப் பற்றீரியாவுக்கு இரண்டு மென்சவ்வுகள். இடையே ஒரு மெல்லிய சுவர். ஊசி இம்மூன்றையும் துளைத்து நிற்கவேண்டும், ஆனால் கலத்தைக் கசியவிடக்கூடாது. சல்மொனெல்லாவில் கட்டுமானம் உள்மென்சவ்விலேயே தொடங்குகிறது: முதலில் ஏற்றுமதி வாயிலாக அமையும் ஐந்து வகைப் புரதங்கள் ஒன்றுகூடுகின்றன, அவற்றைச் சூழ்ந்து உள்மென்சவ்வு வளையங்கள் அமர்கின்றன, பின் வெளிமென்சவ்வு வளையத்துடன் அவை இணைகின்றன. யெர்சினியாவில் வெளிவளையம் முந்திக்கொள்வதாகக் கண்டுள்ளார்கள். ஒரே இயந்திரத்தை இரண்டு பற்றீரியாக்கள் இரண்டு முனைகளிலிருந்து கட்டுவது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

அடித்தளம் முடிந்த பின்புதான் உள்ளிருந்து சுரப்பு தொடங்கும். அதற்குமுன் வெளியே அனுப்புவதற்கு வாயில் இல்லை. முதலில் அனுப்பப்படுவன ஊசித்தண்டின் அலகுகளே. ஒரே வகையைச் சேர்ந்த சிறிய புரதம் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில், தண்டின் உட்துளையூடாகவே மேலேறி நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு அமர்கிறது. அரிசி ஆலைப் புகைபோக்கியை வெளியே சாரம் கட்டாமல், உள்ளிருந்தே கல்லை மேலே அனுப்பி அனுப்பிக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளலாம். உட்துளையின் விட்டம் 2 முதல் 3 நானோமீற்றரே ஆகையால், மடிந்த நிலையில் உள்ள புரதம் எதுவும் அதில் நுழையாது. துணைப் புரதங்கள் அதைக் கையில் ஏந்தி வாயிலுக்குக் கொண்டுவர, அடியிலுள்ள ஏ.ரீ.பி நொதியம் பிரித்து விரித்துவிட, நூலாக நீண்டே அது கடக்கிறது.

தண்டு எவ்வளவு நீளமாக வேண்டும்? குட்டையானால் எதிர்க்கலத்தைத் தொடாது. யெர்சினியாவில் ஒரு புரதம் அளவுகோலாகவே செயற்படுகிறது: அதை மரபுப் பொறியியலால் நீட்டினால் ஊசி நீள்கிறது, குறைத்தால் குறுகுகிறது என்று 2003இல் கோர்னெலிசின் குழு காட்டியது. சல்மொனெல்லாவில் அதற்கு ஒத்த புரதத்தை நீக்கினால், ஊசிகள் முடிவின்றி நீண்டு பயனற்றுப் போகின்றன. உரிய நீளம் வந்ததும் வாயிலிலுள்ள ஒரு புரதத்தின் வடிவம் மாறுகிறது. அதன் பின் தண்டு அலகுகள் போவதில்லை, அடுத்த வரிசைப் புரதங்கள் போகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த மாற்றுவிசைதான் முழு இயந்திரத்திலும் மிக நுட்பமான இடம். கட்டும் வேலையும் பயன்படுத்தும் வேலையும் ஒரே வாயிலூடாக நடக்கின்றன, ஒன்று முடியுமுன் மற்றது தொடங்கினால் இரண்டும் கெடும்.

நமது கிருமியின் ஊசி நுனியில் பிப்-டி என்ற புரதம் மூடியாக அமர்கிறது. எதிர்க்கலத்தைத் தொட்டதும் பிப்-பி, பிப்-சி ஆகிய இரண்டும் அக்கலத்தின் மென்சவ்வில் துளையிடுகின்றன. அத்துளை வழியே கிருமியின் நச்சுவீரியப் புரதங்கள் நேரே கலத்துக்குள் இறங்குகின்றன. அவற்றுள் பொப்-ஈ, கலத்துக்கு உருவம் கொடுக்கும் அக்ரின் என்ற புரத இழைச் சட்டகத்தைக் குலைத்து, விழுங்கும் தொழிலற்ற கலங்களையும் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. உள்ளே சென்றதும் கிருமி புன்வெற்றிடம் எனப்படும் ஒரு மென்சவ்வுப் பையில் அடைபட்டிருக்கும்; கலம் அதைச் செரிக்க முனையுமுன் அந்தச் சிறையை உடைத்துக் குழியவுருவுக்குள் இறங்குவதற்கும் இதே தொகுதி வேண்டும். தொகுதியைச் சிதைத்த திரிபுகள் ஆய்வுகூட ஊடகத்தில் எக்குறையுமின்றி வளர்கின்றன. ஆனால் புன்வெற்றிடத்திலிருந்து வெளியேறத் தடுமாறுகின்றன, பிப்-டி இல்லாதவை எலிகளில் வலுவிழந்து நிற்கின்றன. எங்கள் தட்டில் கண்ட கூட்டம் இந்த இயந்திரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது இயந்திரம்

குழியவுருவில் இறங்கிய கிருமியின் ஒரு முனையில் பிம்-ஏ என்ற புரதம் தோன்றுகிறது. அது கலத்தின் அக்ரினைத் தன் பின்னால் வால்போல் கட்டவைத்து, அந்த உந்துதலால் முன்னே செல்கிறது. அயற்கலத்தின் மென்சவ்வில் முட்டும் இடத்தில்தான் ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதி வருகிறது.

2006இல் வாந்திபேதிக் கிருமியிலும் சூடோமோனாசிலும் இத்தொகுதியைத் தனியாக இனங்கண்டார்கள். பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் வாலைத் தலைகீழாக உட்புறமாகப் பொருத்தியது போன்றது இது: மென்சவ்வில் ஊன்றிய ஒரு பீடம், அதன்மேல் எச்.சீ.பீ என்ற புரத வளையங்கள் அடுக்கிய உட்குழாய், அதைச் சுற்றி இழுபட்ட நிலையில் ஓர் உறை, குழாயின் முனையில் கூரான வீ.ஜீ.ஆர்.ஜீ என்ற புரதம். உறை ஒரேயடியாகச் சுருங்கும்போது உட்குழாய் வெளியே பாய்கிறது. 2012இல் பாஸ்லர் முதலானோர் உயிருள்ள கலத்தில் இதைப் படம்பிடித்தனர்: கட்ட அரை நிமிடம் வரை செல்லும் உறை, சில மில்லிசெக்கன்களுக்குள் ஏறத்தாழப் பாதி நீளத்துக்குச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய உறையை ஒரு நொதியம் கழற்றிவிட, அதே துண்டுகளால் அடுத்த ஊசி கட்டப்படுகிறது. முதல் இயந்திரத்தில் ஊசி நிலைத்து நின்று மெல்ல ஏற்றும். இதில் ஒவ்வொரு குத்துக்கும் கட்டிக் கலைக்கவேண்டும்.

நமது கிருமியில் ஆறு தொகுதிகள் இவ்வகையில் உண்டு. ஐந்தாவதே இங்கு வேண்டியது. அதன் வீ.ஜீ.ஆர்.ஜீ-5இல் மற்றவற்றில் காணாத ஒரு நீட்சி இருக்கிறது, அந்த நீட்சியே அயற்கலங்களின் மென்சவ்வுகளை ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்க அவசியமானது. சேர்ந்த கலங்கள் பல கருக்களைக் கொண்ட பெருங்கலமாகின்றன. நோயாளிகளின் இழையங்களிலும் இப்பெருங்கலங்கள் காணப்பட்டுள்ளன. ஆகவே கிருமி ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு, வெளியே ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போகமுடியும். குருதியில் தேடினால் கிடைக்காது. பிறபொருளெதிரிகளும் அதைச் சந்திக்கா.

இதைவிட என்னைக் கவர்ந்தது, இரண்டாவது இயந்திரம் எப்போது கட்டப்படவேண்டும் என்பதைக் கிருமி எவ்வாறு அறிகிறது என்பதே. மண்ணிலோ குருதியிலோ அதைக் கட்டுவது வீண்செலவு. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2015இல் இதற்கு விடை கண்டார்கள்: மனிதக் கலத்தின் குழியவுருவில் நிறைந்திருக்கும் குளுற்றாதியோனை வீர்-ஏ என்ற உணர்புரதம் உணர்கிறது, உணர்ந்ததும் ஐந்தாம் தொகுதிக்கான பரம்பரையலகுகள் விழிக்கின்றன. கலம் தன்னைப் பாதுகாக்க வைத்திருக்கும் பொருளே, "உள்ளே வந்துசேர்ந்துவிட்டாய்" என்று கிருமிக்கு அடையாளம் சொல்கிறது. முதல் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் புரதங்களும் இரண்டாவதை ஏவுகின்றன. நிறமூர்த்தத்தைப் பார்த்தால் அதுவும் புரியும்: 2004இல் முழுமையாக வாசிக்கப்பட்ட இக்கிருமியின் மரபுத்தொகுதியில் இரண்டு நிறமூர்த்தங்கள், அவற்றுள் சிறியதில் பிம்-ஏ, வீர்-ஏ, ஆறாம் வகையின் ஐந்தாம் தொகுதி, பிஎஸ்ஏ ஊசி ஆகிய எல்லாம் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்த வளவுகளாக வரிசையில் இருக்கின்றன.

ஒன்பதாம் நாள்

அன்று காலை நோயாளியின் மூத்த அண்ணன் விடுதி வாசலில் வைத்தியரை மறித்தார். "மருந்து பிடிக்கலப் போல டொக்டர். வேற ஊசி ஒண்டு மாத்திப் பாருங்களன்." ஒன்பது இரவுகள் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் அப்படிக் கேட்பது இயல்பு. இளம் வைத்தியர்களிலும் இருவர் மெரோபெனெம் என்ற வேறொரு மருந்துக்கு மாற்றவேண்டும் என்றே கருதினர்.

மாற்றவில்லை. செப்டாசிடிம் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டவிடாமல் கொல்லும் மருந்து; ஆனால் மனிதக் கலங்களுக்குள் அது மிகக் குறைவாகவே ஊடுருவும். குருதியிலிருந்த கிருமிகளை அது முதல் வாரத்துக்குள் துடைத்துவிட்டது, ஏழாம் நாள் போத்தல் அதற்குச் சாட்சி. மண்ணீரலின் கலங்களுக்குள்ளும் சீழ்க்கட்டிகளின் சுவருக்குள்ளும் இருந்தவை, கலம் சிதைந்து வெளியே சிந்தும்போதுதான் மருந்தின் கைக்கு எட்டுகின்றன. இந்நோயில் சரியான மருந்திலும் காய்ச்சல் தணிவதற்கான காலத்தின் இடைநிலை ஏறத்தாழ 9 நாட்கள் என்பதும், பெரிய சீழ்க்கட்டிகள் உள்ளவர்களில் அது இன்னும் நீளும் என்பதும் முன்பே பதிவானவை. மருந்தை மாற்றுவதற்கான உண்மையான காரணங்கள் வேறு: குருதி வளர்ப்பு மீண்டும் நேராவது, புதிய கட்டி தோன்றுவது, குருதியழுத்தம் சரிவது. மறுநாள் ஸ்கானில் புதிய கட்டி இல்லை, இருந்தவை பெருக்கவும் இல்லை. அண்ணனிடம் வைத்தியர் இதைப் புற்றுக்குள் இருக்கும் பாம்போடு ஒப்பிட்டுச் சொன்னார். வெளியே வரும்வரை தடியோடு காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டாரா, பேசாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் வெப்பநிலை 38க்குக் கீழே இறங்கியது. பதினான்காம் நாள் முதல் காய்ச்சல் இல்லை. உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி இருந்ததால் நாளவழி மருந்து நான்கு வாரங்கள் தொடர்ந்தது. ஈரலின் பெரிய கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சீழில் அதே கிருமி வளர்ந்தது, குருதி வெறுமையாகி இரண்டு வாரங்களின் பின்னர்.

இந்த ஊசிகளையே தடுக்கும் மருந்தைக் கண்டால் என்ன என்று கேட்கலாம். மூன்றாம் வகைத் தொகுதியை முடக்கும் சில சேர்மங்கள் யெர்சினியாவிலும் பிறவற்றிலும் ஆய்வுகூட மட்டத்தில் பரிசோதிக்கப்பட்டுள்ளன. விடுதிக்கு வரக்கூடிய மருந்தாக எதுவும் ஆகவில்லை. கிருமி உள்ளே குடியேறிய பின் கதவைப் பூட்டுவது எவ்வளவு உதவும் என்ற ஐயமும் எனக்கு உண்டு.

பின்தொடர்தல்

வீடு செல்லும்போது கோட்ரைமொக்சசோலும் போலிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. குறைந்தது மூன்று மாதம் என்பது பொது விதி. இங்கே 20 வாரங்கள். ஆறாம் வாரத்தில் குருதிப் பொற்றாசியம் சற்று உயர்ந்ததால் அளவு குறைக்கப்பட்டது. காய்ச்சல் இல்லாத ஒருவருக்கு நாளுக்கு இருவேளை பெரிய மாத்திரைகளை ஐந்து மாதம் விழுங்கச் சொல்வது எளிதல்ல. விட்டுவிட்டால் நோய் மீள்வதற்கு அதுவே முதற்காரணம். விதைப்பிலும் வெட்டிலும் மாத்திரையைக் கைவிடும் பழக்கம் தெரிந்திருந்ததால், பொதியை மனைவியின் பொறுப்பில் கொடுத்தோம். அவ்வாண்டு பெரும்போக வெட்டை அண்ணன் ஏற்றார்.

இருபதாம் வார ஸ்கானில் மண்ணீரலில் சில தழும்புக் கோடுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. மூன்று மாதச் சீனிச் சராசரி 11.2இலிருந்து 7.4 வீதத்துக்கு இறங்கியிருந்தது. குதிகால் வெடிப்புகள் ஆறியிருந்தன. நீண்ட இறப்பர் சப்பாத்து அணிந்தே வயலில் இறங்கவேண்டும் என்று சொன்னபோது அவர் சிரித்தார்: "அத போட்டுக்கொண்டு சேத்துக்க காலத் தூக்கேலாது சேர், சப்பாத்து சேத்தோட நிண்டுரும்." வட்டையில் இறங்கியவர் எவரும் அதை மறுக்கமாட்டார். உழவும் விதைப்பும் அண்ணன் மகனிடம் விடுவது, தண்ணீர் வடிந்த பின் வரம்பு வேலைக்கு மட்டும் சப்பாத்துடன் இறங்குவது, மழை கொட்டும் நாட்களில் வாடிக்கும் போகாதிருப்பது என்ற அளவில் இணக்கம் ஏற்பட்டது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் "மெலியொய்டோசிஸ், காய்ச்சல் வந்தால் உடனே குருதி வளர்ப்பு" என்று எழுதிக் கொடுத்தோம்.